நாலு விரற்கடையா, ஒரு சாணா

அவர் யாருக்கும் கிட்டே வர மாட்டார். ஃபைலை நீட்டினால் கையை முழுக்க நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்து வாங்குவார். பியூன் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் டைப்ரைட்டர் மேஜைக்கு அந்தப் பக்கமே நின்று, தபால்காரர் வாசலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "டைப்பிஸ்ட் அம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். மடி பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அப்புறம், மனுஷர்களைக் கண்டாலே ஆகாது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டும் தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது எங்கள் வேளாண்மை அலுவலகம். மதுராந்தகம் ஏரிப் பாசனம் வரைக்கும் எங்கள் எல்லை. நெல்லில் பூச்சி விழுந்தால் போய்ப் பார்த்து, இன்ன பூச்சி, இன்ன மருந்து என்று சொல்வது அவர் வேலை. அதனால் அவர் பூச்சி சார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவரே அதை அதிகம் பயன்படுத்தியதில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை.

சாப்பாட்டு டப்பா இரண்டு கொண்டு வருவார். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. ஒன்றில் எலுமிச்சை சாதம், ஒன்றில் அன்று வயலில் பிடித்தது. பியூன் முனுசாமி ஒரு நாள் ஊறுகாய் இருக்குமா என்று பார்க்கப் போய், தப்பான டப்பாவைத் திறந்துவிட்டான். அன்று மத்தியானம் முழுக்க வெட்டுக்கிளிகள் எங்கள் ஃபைல்களின் மேல் உட்கார்ந்திருந்தன. ஹெட் கிளார்க் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். இவர் மட்டும் அசையாமல் ஒரு மூலையில் நின்று, எந்த வெட்டுக்கிளி எவ்வளவு நெருங்கினால் தாவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சட்டைப் பையிலிருந்த கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டில் அதுதான் இருந்தது. எந்த உயிர் எவ்வளவு தூரம் வரைக்கும் நம்மை விடும் என்ற கணக்கு. தட்டான், இரண்டு முழம். வெயில் ஏறுவதற்கு முன் என்றால் ஒரு முழம். பொன்வண்டு, கையில் எடுத்தாலும் ஒன்றும் சொல்லாது. கொக்கு, ஒரு பனைமர நீளம். ஓணான், அது நம்மைப் பார்க்காதவரை இரண்டடி, பார்த்துவிட்டால் பத்தடி. அடியும் அங்குலமும் அவருக்குத் தெரியாமல் இல்லை. வயலில் நிற்கிறவனுக்கு முழமும் சாணும்தான் கையோடு இருக்கிறது என்பார்.

இத்தனை கணக்கும் ஒரு லென்ஸுக்காக. அவர் வாழ்க்கையில் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை. அலுவலகத்துக்கு என்று ஒரு கேமரா இருந்தது. திறப்பு விழா, ஆபீசர் மாலை போட்டுக்கொள்வது, இதற்கெல்லாம் அது போதும். பூச்சியை எடுத்தால் படத்தில் ஒரு சாந்துப் பொட்டு தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது புகையான். நெல் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எள்ளளவு பழுப்புப் பூச்சி. அது கூட்டமாக விழுந்தால் பச்சை வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். அதே தூரில் அதைத் தின்பதற்கென்றே ஒரு பச்சைப் பூச்சியும் வரும், அதுவும் எள்ளளவுதான். குடியானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. இரண்டையும் சேர்த்து மருந்தடித்தார்கள். தின்ன வந்த பச்சைப் பூச்சி செத்துப்போகும், புகையான் மட்டும் பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் படம் எடுத்து ஊருக்கு ஊர் ஒட்டிவிட வேண்டும், அடுத்த போகத்துக்குள். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதற்கு மேக்ரோ லென்ஸ் என்று ஒன்று வேண்டும். அதில் ஐம்பது என்று ஒரு அளவு, நூறு என்று ஒரு அளவு. இந்த இரண்டில் எது என்று அவர் யோசித்த காலத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணமே முடித்திருக்கலாம். எங்கள் எல்லோரிடமும் கேட்பார். நாலு பேர் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னால், ஐந்தாவதாகத் தானே ஒன்று சொல்லி அதையும் மறுப்பார்.

"ரெண்டுலயும் பூச்சி அதே பெருசுதாம்மா தெரியும்," என்றார் ஒரு நாள் என்னிடம், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடி. நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். "சின்னதுன்னா பூச்சிகிட்ட இவ்ளோ தூரம் போவணும். நாலு விரக்கடை." பிறகு கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தார். "பெருசுன்னா இவ்ளோ தள்ளி நிக்கலாம். ஒரு சாண்."

"அப்ப பெருசே வாங்குங்க சார்."

"கனம் ஜாஸ்தி. கை ஆடும். வெலையும் ஜாஸ்தி, குடுக்க மாட்டாங்க." கொஞ்சம் நின்றார். "ஆனா நாலு விரக்கடைக்கு புகையான் விடாதும்மா. சுத்திக்கினு தண்டுக்கு அந்தாண்ட பூடும்."

அது அவருக்குத் தெரியும். கேமராவின் சாதாரண லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, கையாலேயே பிடித்துக்கொண்டு ஒரு போகம் முழுக்க முயன்று பார்த்திருந்தார். அப்படித் திருப்பிப் பிடித்தால் பூச்சி பெரிதாகத் தெரியுமாம், ஆனால் நாலு விரற்கடைக்குப் போக வேண்டும். வயல் சேற்றில் குப்புறப் படுத்த மாதிரி கிடந்து எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நெல் தண்டு மிக நன்றாக விழுந்திருந்தது.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்துபோகிற தற்காலிக டைப்பிஸ்ட். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் வேலையை நீட்டிக்க வேண்டும், அதற்குக் குறிப்பு எழுதுகிறவர் ஹெட் கிளார்க். அப்பா நோயில் படுத்துவிட்ட வீடு எங்களுடையது. அந்தக் குறிப்பு எழுதப்படாமல் போனால் அடுப்பு எரியாது. இது ஹெட் கிளார்க்குக்கும் தெரியும். எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நாற்காலி முதுகில் கையை வைப்பார். குனிவார். மூக்குப்பொடி வாசனையோடு அவர் மூச்சு என் கழுத்தில் படும். "அடிம்மா, அடி, நான் பாட்டுக்குப் பாத்துகினு கீறேன்," என்பார். தொட்டார் என்று சொல்ல முடியாது. தொடவில்லை என்றும் சொல்ல முடியாது. யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பேன்.

பூச்சி சார் ஒரு வழியாக யோசித்து முடித்து, நூறுதான் என்று முடிவு செய்து, மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை நான் அடித்த அன்றும் ஹெட் கிளார்க் பின்னால் நின்றிருந்தார். தமிழ் டைப்ரைட்டரில் 'மே' என்று வர முதலில் இரட்டைக் கொம்புக் கட்டையைத் தட்ட வேண்டும், பிறகு 'ம'. நான் ஐகாரக் கொம்பைத் தட்டிவிட்டேன். மேக்ரோ லென்ஸ், மைக்ரோ லென்ஸ் ஆயிற்று. ஒரு கொம்புதான் வித்தியாசம். பூச்சி சார் நான் அடித்ததைப் படித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது, "நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஏழு மாதம் கழித்து மரப்பெட்டி வந்தது. அலுவலகமே கூடி நின்றது. வைக்கோலுக்கு நடுவே விரல் நீளத்தில் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. மைக்ராஸ்கோப்பின் அடியில் திருகுகிற லென்ஸ். எங்களிடம் மைக்ராஸ்கோப்பே கிடையாது.

"இத்த எங்க சார் மாட்டறது?" என்றான் முனுசாமி.

அவர் அதைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தின் நகலை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். அந்த இடம் வந்ததும் அவர் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. அந்தப் போகம் புகையானுக்குப் போயிற்று. மதுராந்தகம் பக்கம் வட்டம் வட்டமாகத் தீய்ந்த வயல்களை அவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தப்பான பொருள் வாங்கியதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "டைப்பிஸ்ட் மேல எழுதுங்க சார், டெம்பரரிதானே, நிறுத்திடலாம்," என்று ஹெட் கிளார்க் சொன்னது என் காதில் விழுந்தது. என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார். பூச்சி சார் ஒரு தாளில் தன் கையாலேயே விளக்கம் எழுதினார். நான்தான் மறுநாள் அதை அடித்தேன். முதலில் தான் கொடுத்த கடித வரைவிலேயே பிழை இருந்தது என்று எழுதியிருந்தார். அது பொய். அந்த வரைவு என்னிடம் இருந்தது, அதில் 'மே' என்று முட்டை முட்டையாக எழுதியிருந்தார். அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "ரிப்பன் மங்கிப் போயிருக்கு, மாத்தும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த பத்து நாள் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்கும்போது தன் மேஜையிலிருந்து என் கையையே பார்ப்பார். மறுபடியும் பிழை விடுகிறேனா என்று வேவு பார்க்கிறார் என்று எனக்குக் கசப்பாக இருந்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை நான் வந்து பார்த்தால், அவருடைய பூச்சி அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. செத்த பூச்சிகளைக் குண்டூசியில் குத்தி வரிசையாக வைத்த ஆளுயரக் கண்ணாடி அலமாரி. அதுவரை அவர் ஜன்னலோரமாக இருந்தது. முனுசாமியோடு சேர்ந்து அவரே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு பூனை கூடப் போக முடியாது.

"இன்னா சார் இது, வழிய அடைச்சிக்கினு?" என்று ஹெட் கிளார்க் சத்தம் போட்டார்.

"ஜன்னலாண்ட வெயில் அடிக்குது சார். பூச்சி வெளுத்துப் போவும்."

"எத்தினி வருசமா அங்கதானே கீது?"

"அதான் எத்தினியோ வெளுத்துப் போச்சு," என்றார் இவர்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அலமாரி முழுக்க அந்துருண்டை. என் தலைமுடி, புடவை, கொண்டுபோகும் தயிர் சாதம் எல்லாவற்றிலும் அந்த நாற்றம். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கை மூடிக்கொண்டார்கள். பெட்டியில் பூட்டி வைத்த பட்டுப் புடவை மாதிரி வருகிறாயே என்று அம்மா சிரித்தாள். ஒரே ஒரு லாபம், ஹெட் கிளார்க் பின்னால் வந்து நிற்பது நின்றுபோயிற்று. நிற்க இடமில்லை. முன்னால் வந்து நின்றால் மற்றவர்கள் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. அந்துருண்டைக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பூச்சி சாரைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வருஷம் அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு மகாபலிபுரம் போனோம். மற்றவர்கள் கோயில் பக்கம் போக, இவர் மணலில் ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பிடித்துவிட்டார். தாடியும் வேட்டியுமாக இருந்த அவன் பையில் இரண்டு லென்ஸும் இருந்தன, ஐம்பதும் நூறும். இவருக்கு அவன் பேச்சு பாதி புரியவில்லை, அவனுக்கு இவர் பேச்சு முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பையன் தன் கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தான். வெயில் இறங்கும் வரை இவர் மணலில் முழங்கால் போட்டு, முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று மாற்றி மாற்றி, வளைக்கு வெளியே நின்ற நண்டுகளின் பின்னால் ஊர்ந்தார். புதுப்பட்டினத்திலிருந்து கருவாடு விற்க வந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா நைனா, நண்டாண்ட இன்னா பேசிகினு கீற?"

"எவ்ளோ தூரம் வரலாம்னு கேட்டுகினு கீறேன்."

"சொல்லிச்சா?"

"இதுல சொல்ல மாட்டேங்குது," என்று சின்ன லென்ஸைக் காட்டினார். "ஓடுது. அதுல பாத்தா, அது பாட்டுக்குத் தின்னுகினு கீது."

"கிட்டப் போயி மூஞ்சில மூஞ்சிய வெச்சா எதுதான் நிக்கும்?" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. திரும்பி வரும் பஸ்ஸில், எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பெருசாக் காட்டறதுக்கு எந்த லென்ஸும் காட்டும். அதும் பாட்டுக்கு அது இருக்க வுட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் நூறு." யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் கேட்டேன், ஆனால் லென்ஸைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

நூறு பிறகு வந்தது. படமும் வந்தது. மதுராந்தகத்தில் ஒரு டீக்கடைச் சுவரில் முதல் நோட்டீஸை ஒட்டியபோது ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு அந்தப் பச்சைப் பூச்சியைப் பார்த்தாராம். "இத்தையா இத்தினி நாளா மருந்தடிச்சிக் கொன்னுகினு இருந்தேன்?" என்று கேட்டாராம். முனுசாமி வந்து சொன்னான். ஆனால் நான் அவரை நினைக்கிறபோது அந்த நோட்டீஸ் நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு மத்தியானம்தான் வருகிறது.

இரண்டாவது முறை லென்ஸ் கேட்டதற்கு, ஐம்பதே போதுமே, கனமான நூறு எதற்கு, காரணம் காட்டவும் என்று மேலிடம் எழுதியிருந்தது. அவருக்கு அது கடைசி வாய்ப்பு. இந்த முறையும் மறுத்தால் அடுத்த போகமும் போய்விடும். தன் நோட்டையே இணைப்பாக அனுப்புவது என்று முடிவு செய்தார். எந்தப் பூச்சி எவ்வளவு தூரம் விடும் என்ற பட்டியல், அதைவிட வேறென்ன காரணம் வேண்டும். நோட்டை மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து என் முன்னால் தள்ளி வைத்தார்.

"எல்லாத்தையும் அடிச்சிடும்மா. கடைசிப் பக்கம் வேணாம். அது பூச்சி இல்ல."

கடைசிப் பக்கத்தை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தார். அவர் சாப்பிடப் போனதும் நான் செய்த முதல் காரியம் அந்தக் குண்டூசியை எடுத்ததுதான். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

பூச்சிகளுக்கு எழுதுகிற அதே மாதிரிதான் எழுதியிருந்தார்.

"டைப்பிஸ்ட் அம்மா. முன்பக்கம்: ஒரு மேஜை தூரம் வரை சரி. பின்பக்கம்: யார் வந்தாலும் ஆறடியில் விரல் தடுமாறுகிறது. ஹெ.கி. வந்தால் பத்தடியிலேயே. மேக்ரோ கடிதம் அன்று ஹெ.கி. நின்றது ஒரு சாணுக்குள். பிழை அந்த அம்மாளுடையது அல்ல. அலமாரியை மாற்ற வேண்டும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தட்டானுக்கும் ஓணானுக்கும் பின்னால் என்னையும் எழுதி வைத்திருக்கிறாரே என்று. மறுபடியும் படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது எழுத்துத் தெரியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் வாய் திறந்து யாரிடமும் சொல்லாததை, சொல்ல வார்த்தை இல்லாததை, ஒரு மனுஷர் என் விரலைப் பார்த்தே படித்திருக்கிறார். படித்துவிட்டு என்னை ஒரு கேள்வி கேட்டு வெட்கப்பட வைக்கவும் இல்லை. தன் பொக்கிஷத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். அந்துருண்டை வாசனை அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

சாப்பிட்டு வந்து, வழக்கமான இடத்தில் நின்றார். "டைப்பிஸ்ட் அம்மா."

"ஒரு வரி புரியல சார். வந்து பாத்துச் சொல்லுங்க."

"படிம்மா. இங்கேந்தே கேக்குது."

"இல்ல சார். இந்தப் பக்கம் வாங்க."

அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு, அலமாரியில் இடிக்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, தூரில் உட்கார்ந்த பூச்சியை நெருங்குகிற மாதிரி ஒவ்வொரு அடியாக வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில், என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தேன். இரட்டைக் கொம்பு, ம, க், அடுத்த கட்டை, அதற்கடுத்தது. ஒரு இடத்தில் கூட விரல் நிற்கவில்லை. அவர் தாளைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு பத்தி முழுக்க முடிந்தது. அப்புறம் அவர் கண் பக்கத்தில் திறந்து கிடந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் விழுந்தது.

காதிலிருந்த பென்சிலை எடுத்து, எழுதாமல் மறுபடியும் செருகிக்கொண்டார்.

"இதுல ஒரு குண்டூசி குத்தியிருந்தேனேம்மா."

"அது இனிமே எதுக்கு சார்," என்றேன், அடித்துக்கொண்டே.